திறக்காத சாவிக்கொத்து

அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, கருகவும் ஆரம்பித்துவிட்டது. அம்சாவுக்கு அது தெரியவில்லை. கூடத்து மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரையின் மேல் ஓரத்தில் இருந்த சின்னச் சாவிப் படத்தை மௌசால் அமுக்கிக்கொண்டிருந்தாள். மெதுவாக அமுக்கினாள். அழுத்தி அமுக்கினாள். முருகா என்று மலை இருக்கும் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டும் அமுக்கினாள். சாவி அசையவில்லை.

ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் அது. காவடிக் கூட்டம் திருத்தணியைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. தெருவில் வாடிய பூச்சரங்களை ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஊர் ஓய்ந்தும் அம்சாவின் மனசு ஓயவில்லை. 'ஆடிக் கடைசில பிரசவம்னு டாக்டர் சொன்னதா எழுதியிருந்தாளே, பொறந்திருக்குமா? பொறந்திருந்தா யாரு வெந்நீர் வெச்சுக் கொடுத்திருப்பாங்க?'

அந்தச் சாவிப் படத்துக்கு அம்சா வைத்த பேர் சாவிக்கொத்து. இணையத்தைப் பார்க்க உதவும் பிரௌசரோடு சேர்ந்து வந்ததல்ல அது. வீடு கட்டி முடித்த பிறகு பக்கவாட்டில் ஓர் அறையை இழுத்துக் கட்டுவோமே, அந்த மாதிரி பின்னால் சேர்த்தது. எக்ஸ்டென்ஷன் என்பார்கள். மெயிலுக்கு ஒன்று, பேங்குக்கு ஒன்று, ரயில் டிக்கெட்டுக்கு ஒன்று என்று இருக்கும் பாஸ்வேர்டுகளையெல்லாம் ஒரே பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் தானே எடுத்து நிரப்பிக் கொடுக்கும்.

அதை வைத்துக் கொடுத்தவள் மகள் சினேகா. "நீ ஒண்ணும் ஞாபகம் வெச்சுக்க வேணாம்மா. சாவியை அமுக்கு, மெயிலு தொறந்துக்கும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் கடைசியாக இந்த வீட்டுப் படி இறங்கினாள்.

சென்னையில் கூட வேலை பார்த்த விஷ்ணுவைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். பையனிடம் ஒரு குறையும் இல்லை, வேறு சாதி என்பதைத் தவிர. பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருந்த பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குதித்தார். அப்பா கஜபதி குதிக்கவில்லை, கத்தவில்லை. "இனிமே அந்தப் பேரு இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து டெலிபோனில் மகள் குரல் கேட்டால், பேசாமல் ரிசீவரை வைத்துவிடுவார். இரண்டு வருஷமாக அப்படித்தான்; அவளும் வீட்டுக்குப் போன் போடுவதை நிறுத்திவிட்டாள்.

கஜபதி அரக்கோணத்தில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்ப்பவர். அவர் காலை வண்டிக்குப் போனதும் அம்சா சாவிக்கொத்தை அமுக்குவாள். தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதி அனுப்புவாள் சினேகா. அம்சா எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பாள். கடைசியாக வந்ததில், "புனாவுக்கு வீடு மாத்தறோம்மா, போன் நம்பரும் மாறிடும். புது நம்பர் மெயில்ல போடறேன்" என்று இருந்தது. அதற்கப்புறம் சாவி திறக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாரையாவது கேட்டால் விஷயம் கணவர் காதுக்குப் போய்விடும். கேட்காமலே தவித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அம்சா, கருகற வாசன மலைக்கே போவுது. முருகனே எறங்கி வந்துடுவாரு போலக்குதே!"

திடுக்கிட்டுத் திரும்பினாள். கஜபதி துண்டை உதறித் தோளில் போட்டபடி நின்றிருந்தார். திருவிழா சிறப்பு ரயில்களெல்லாம் ஓடி முடிந்து, இன்றைக்குத்தான் அவருக்கு வார ஓய்வு. அதைக்கூட மறந்திருந்தாள். ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. இந்தச் சாவி தொறக்க மாட்டேங்குது."

"அதுல உனக்கு இன்னா வேலை?"

"டிசைன் பாக்கத்தான். உங்க அண்ணன் தறிக்கு ஆவுமேன்னு..."

"எங்க அண்ணன் நெய்யறது லுங்கி. லுங்கிக்குக் கட்டத்த விட்டா வேற இன்னாடி டிசைனு?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் கண் ஏற்கெனவே திரைக்குப் போய்விட்டது. ஒரு பொருள் ஓடாமல் நிற்கிறது என்றால் கஜபதியால் அதைத் தாண்டிப் போக முடியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கண்டபடி அமுக்கினே இருந்தா கோளாறு ஓடி ஒளிஞ்சுக்கும். கேளு. ஒரு சிக்னலு வேலை செய்யலன்னு வெச்சுக்க. பல்பு போச்சா, ஒயரு போச்சா, கரண்ட்டே வரலியா, இல்ல கேபின்ல லீவர இழுக்கவே இல்லியா? ஒவ்வொண்ணாத் தள்ளிக்கினே வரணும். கடைசில மிச்சம் நிக்குது பாரு, அதுதான் கோளாறு."

முதலில் ஒரு செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். திறந்தது. "நெட்டு வருது. லைன் மேல தப்பில்ல." மௌசால் வேறு பொத்தான்களை அமுக்கினார். எல்லாம் வேலை செய்தன. பிறகு பிரௌசரை மூடி, சேர்த்துக் கட்டிய அறைகள் எதுவும் இல்லாமல் வெறும் வீட்டை மட்டும் திறக்கும் வழி ஒன்று உண்டே, அப்படித் திறந்தார். அப்போதும் பிரௌசர் ஒழுங்காக ஓடியது.

"வீடு நல்லாக்குது. அப்போ சேத்துக் கட்டன ரூம்லதான் கோளாறு. புரிஞ்சுதா?"

"ஆங்" என்றாள் அம்சா. எது புரிந்ததோ இல்லையோ, இந்த மனுஷர் இப்படி முகம் மலர்ந்து பேசி எத்தனை நாளாயிற்று என்பது புரிந்தது. முன்பெல்லாம் சினேகாவுக்குத்தான் இப்படி விளக்குவார். அவளும் 'நைனா, நைனா' என்று அவரோடு மல்லுக்கு நிற்பாள். இந்த வீட்டில் அப்போது எவ்வளவு சத்தம்!

எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலைத் திறந்தார் கஜபதி. சாவிப் படம் அங்கே சாம்பல் பூத்துக் கிடந்தது. அதன் கீழே ஒரு வரி. குனிந்து படித்தார்.

"அட! உன் பிரௌசரு புதுசா மாறிக்குது. இது இன்னும் பழசு. ரெண்டுக்கும் ஒத்துக்கல. நடுவுல ஏதாவது கேட்டுச்சா?"

"ஏதோ கேட்டுச்சுங்க. நல்லதுக்குத்தான் கேக்குதுன்னு 'எஸ்'ஸ அமுக்கிட்டேன்."

"அதான் விஷயம். பழசு உள்ள பூந்து எதையாவது கெடுத்துடுமோன்னு பிரௌசருக்குச் சந்தேகம். அதனால நிறுத்தி வெச்சிடுச்சு. எங்க சிக்னலும் இப்படித்தான். ஒயரு அறுந்தாலும் சிவப்பு, கரண்ட்டு குறைஞ்சாலும் சிவப்பு. சந்தேகம்னா சிவப்பு. அப்பதான் ஆபத்து இல்ல."

"அப்போ இத எடுத்துட்டுப் புதுசாப் போட்டுடலாங்களா?"

"ஐயையோ! எடுத்தா உள்ளக்கிற பெட்டியும் சேந்து போனாலும் போயிடும். முதல்ல பெட்டிய ஒரு காப்பி எடுத்து பத்திரம் பண்ணணும். ஒயர மாத்தறதுக்கு முன்ன அடையாளம் கட்டுவோமில்ல, அது மாதிரி."

பூட்டிய பெட்டி என்பது கம்ப்யூட்டருக்குள் ஒரு கோப்புதான். திறந்து பார்த்தால் வெறும் தாறுமாறான எழுத்துகள் தெரியும். அதைக் கண்டுபிடித்து பென் டிரைவில் படியெடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகே எக்ஸ்டென்ஷனைப் புதுப்பிக்கும் பொத்தானை அமுக்கினார். நீலக்கோடு ஊர்ந்து ஊர்ந்து நிறைந்தது. பிரௌசர் மூடித் திறந்ததும் சாவிக்கு மஞ்சள் நிறம் திரும்பியிருந்தது.

"அமுக்கு" என்றார், கல்யாண வீட்டில் விளக்கேற்றச் சொல்வதுபோல.

அம்சா அமுக்கினாள். பெட்டி திரையில் வந்தது. ஆனால் உள்ளே போக விடவில்லை. குறுக்கே ஒரு கட்டம் வந்து, முதன்மைப் பாஸ்வேர்டைக் கேட்டது.

"இதுவரைக்கும் இது கேட்டதே இல்லீங்களே!"

"முன்ன ஞாபகம் வெச்சிருந்திருக்கும். புதுசானதும் மறந்துடுச்சு. இதுதான் எல்லாச் சாவிக்கும் சாவி. இத பெட்டிக்குள்ள எழுதி வெக்காது, அம்சா. இத வெச்சுத்தான் பூட்டே முறுக்கியிருப்பாங்க. தெரிஞ்சாத்தான் தொறக்கும். தெரியலன்னா செஞ்சவனே வந்தாலும் முடியாது. குறிப்பு ஏதோ போட்டுக்குது, இரு."

கட்டத்துக்குக் கீழே, இங்கிலீஷ் எழுத்தில், சினேகா எழுதிய குறிப்பு இருந்தது. கஜபதி எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார்.

"நைனா... கூப்பிடற... பேரு."

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று அவருக்கு உறைத்தது. மௌசின் மேலிருந்த கை அப்படியே நின்றது.

"டிசைன் பாக்கறதுக்கா இது?"

அம்சா தலையை நிமிர்த்தவில்லை. "அவளுக்கு இது பிரசவ மாசம்ங்க. புதுப் போன் நம்பரு இதுக்குள்ளதான் வந்திருக்கும். பொறந்துச்சா, பொழச்சுக்கிட்டாளான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

கஜபதி எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் எழவில்லை.

"பேரு உனக்குத் தெரியுமே. நீயே போட்டிருக்கலாமே."

"இந்தக் கேள்வி எனக்கு முன்ன வரல. வந்திருந்தாலும், சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ரயிலில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஸ்டேஷன்காரனைக் கேட்டு, பாதை காலி, அனுப்பலாம் என்று அவன் சொன்னால்தான் வண்டியை அனுப்புவார்கள். லைன் கிளியர் என்று அதற்குப் பேர். பால் பல் விழாத வயதில் அப்பாவோடு அரக்கோணம் சிக்னல் கேபினுக்குப் போன சினேகா, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்து வீடு முழுக்க "லைங்கிளி, லைங்கிளி" என்று கத்தினாள். அன்றிலிருந்து கஜபதிக்கு அவள் லைங்கிளிதான்.

அவர் ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். தவறு என்று வந்தது. லைன் என்பதை இங்கிலீஷ்காரன் எழுதுகிற மாதிரி அடித்தார். தவறு. காதில் விழுகிறபடி அடித்தார். அதுவும் தவறு.

"மாத்திட்டாளா? நான் கூப்பிட்ட பேரே வேணாம்னு மாத்திட்டாளா?" அவர் குரல் அம்சா இதுவரை கேட்டறியாத குரலாக இருந்தது.

"அதான் குறிப்புலயே போட்டுக்குதே, நீங்க கூப்பிடற பேருன்னு. நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க? டூட்டி முடிஞ்சு வரும்போது தெருமுனைல நின்னுக்கினே கூப்பிடுவீங்களே. அது மாதிரி கூப்பிடுங்க."

கஜபதி கண்ணை மூடிக்கொண்டு, கையில் டிபன் கேரியர் இருக்கிற ஆள்போல ஒரு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கூப்பிட்டார்.

"லைங்கிளீ..."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சுவர்களில் அந்தப் பேர் பட்டுத் திரும்பியது. அம்சா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பேரின் கடைசியில் ஓர் இழுப்பு இருந்தது. கஜபதி அதைத் தானே கேட்டார். கடைசி எழுத்தை இழுத்து, இங்கிலீஷில் இரண்டு 'ஈ' போட்டு அடித்தார்.

பெட்டி திறந்தது. மெயில் திறந்தது. மேலே இருந்த மெயிலில் வரிகள் கொஞ்சம்தான். "அம்மா, பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லாக்குறோம். ஏம்மா பதிலே போடல? நீயும் என்ன விட்டுட்டியா? மூக்கு அப்படியே நைனா மூக்கு." அதற்குக் கீழே புது நம்பர்.

அம்சா படித்துக்கொண்டிருக்கும்போதே கஜபதி டெலிபோன் பக்கம் போயிருந்தார். "நம்பரச் சொல்லு" என்றார். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழுத்தினார். மணி அடித்தது. அந்தப் பக்கம், "ஹலோ" என்று களைத்த குரல் ஒன்று கேட்டது.

ரிசீவரை வைத்துப் பழகிய கை அது. இந்த முறை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"லைங்கிளீ..."

அந்தப் பக்கம் விசும்பல் வந்தது. அதன் பின்னால், பசித்த குழந்தை ஒன்று வீறிட்டு அழும் சத்தமும் வந்தது. அம்சா ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டாள். வெகுநேரம் மூவரும் சேர்ந்து அழுதார்கள், பேசினார்கள். கருகிய சாம்பார் ஆறிப்போனது. அடுத்த வாரம் புனாவுக்குப் போவது என்று முடிவாயிற்று.

போனை வைத்ததும் அம்சாவுக்கு அந்தப் பழைய பயம் வந்தது. "பொதட்டூர்பேட்டைல உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா? சாதி சனம் இன்னா சொல்லும்?"

கஜபதி கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"சொல்லட்டும். சந்தேகம்னா சிவப்பு போடறது எங்க வழக்கம். ஆனா சிவப்பு போட்டுட்டு ரயில்வேக்காரன் சும்மா ஒக்கார மாட்டான் அம்சா. கோளாறு எங்கன்னு தேடி, சரி பண்ணி, பச்ச காட்டற வரைக்கும் அவனுக்குத் தூக்கம் கெடையாது. நான் சாதின்னு ஒரு சிவப்பப் போட்டுட்டு, கோளாறு பொண்ணு மேலன்னு நெனச்சிக்கினு ரெண்டு வருஷம் தூங்கிட்டேன். அவ லைன் கிளியராத்தான் இருந்தா. கோளாறு எங்கிட்டதான் இருந்துது. சாதியப் பாத்துப் பெத்த புள்ளைக்குக் கதவ மூடறவன், அந்தப் புள்ளைய வெளிய நிறுத்தல. தன்னத்தான் உள்ள வெச்சுப் பூட்டிக்கிறான்."