பாதிக் குளோரின்

கும்மிடிப்பூண்டி கேன் தண்ணீர் கம்பெனியில் தண்ணீரைப் பரிசோதிப்பவள் ஷைனி. தண்ணீரில் மருந்து வாடை அடிப்பதாகப் புகார் வந்ததால் குழாய் கழுவும் குளோரினைப் பாதியாகக் குறைத்தாள். அந்த அரைகுறை மருந்துக்குக் கிருமிகள் சாகவில்லை. அவற்றுக்குள் பசை சுரக்கும் மரபணுக்கள்தான் விழித்துக்கொண்டன. சில வாரம் கழித்து அவள் குழாயைக் கழற்றியபோது உள்ளே வழவழவென்று கிருமிப் படலம். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கம்பெனியில் கேன் ஏற்றும் லோடுமேன் தேசப்பனின் மனைவி வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ஷைனி பார்க்கப் போனாள்.

"இன்னா ஆச்சின்னே தெர்லமா. நீ டெஸ்ட் பண்ற தண்ணின்னு நம்பித்தான் ஊட்டுக்கு எட்த்துக்கினு போனேன்," என்றார் தேசப்பன்.

ஷைனி உண்மையைச் சொல்லிவிட்டாள். "அந்தத் தண்ணியாலதாண்ணா. மருந்த கொறச்சது நான்தான்."

 அங்கிருந்தே மேனேஜருக்கு போன் செய்து, தண்ணீர் நிரப்பும் லைனை நிறுத்தவைத்தாள். தேசப்பனின் மனைவி பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவர் அதன்பிறகு ஷைனியிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.