ஸ்டீயரிங் ஆட்டம்

பழைய காரின் மூக்கு எதிர்வீட்டுக் கேட்டில் போய் முட்டியதிலிருந்து அவளும் கணவனும் பேசிக்கொள்ளவில்லை. ஓட்டியது அவள்.

“வண்டி தானா இழுத்துச்சு” என்றாள்.

“எங்கப்பா காலத்து வண்டி. இத்தனை வருஷமா இழுக்காதது நீ உக்காந்தாத்தான் இழுக்குமா?” என்று கேட்டுவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அதன்பிறகு வேளாவேளைக்குச் சாப்பாடு மேஜைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. வெளியே முறைத்துக்கொண்டு திரிந்தாலும் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தேகம். இப்போதுதான் ஓட்டக் கற்றுக்கொண்டவள். ஒருவேளை நம் கைதான் சரியில்லையோ?

தீர்ப்புச் சொல்ல அவன் வரவழைத்தது தன் தங்கையை. ஒர்க்‌ஷாப் வைத்து நடத்துகிறவள். கூடப் பிறந்தவள் தன்னை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று அவனுக்கு நம்பிக்கை. அதே காரணத்தால் இவளுக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

நாத்தனார் வந்ததும் உட்காரக்கூட இல்லை. “அண்ணி, நீங்க உள்ள ஏறி ஸ்டீயரிங்க லேசா அப்படியும் இப்படியும் ஆட்டிக்கிட்டே இருங்க. அண்ணா, நீ வண்டிக்கு அடியில படு.”

“நானா?”

“பின்ன? நான் சொன்னா நம்புவியா நீ?”

அவன் முனகிக்கொண்டே பழைய சாக்கை விரித்து அடியில் நுழைந்தான். இவள் ஆட்டினாள். ஸ்டீயரிங் ஒரு சாண் தூரம் போய் வந்தது. சக்கரமோ, அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்பதுபோல் அசையாமல் நின்றது.

“என்னண்ணா தெரியுது?”

“ஸ்டீயரிங்லேர்ந்து வர்ற கம்பி ஆடுது.”

“சக்கரம்?”

“...ஆடல.”

“நடுவுல மூட்டு தேஞ்சு கெடக்கு. அண்ணி திருப்பினது சக்கரத்துக்குப் போய்ச் சேரவே இல்ல. உனக்குப் பழகிப்போச்சு, உன்னையறியாம கூடுதலாத் திருப்பியே ஓட்டுற. அவங்க பாவம், திருப்பினா திரும்பும்னு நம்பிட்டாங்க.”

இவளுக்கு மூச்சு சீராக வந்தது. ஆனால் கை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

“போதும்” என்றது கீழிருந்து ஒரு குரல்.

“யார்கிட்ட சொல்றாராம்?” என்று நாத்தனாரைக் கேட்டாள்.

“உன்கிட்டதான். போதும்மா. தப்பு வண்டி மேலதான்.”

“சரியாக் கேக்கல” என்றாள். நன்றாகவே கேட்டிருந்தது.

நெற்றியில் கிரீஸோடு வெளியே வந்தவன், மிச்சமிருந்த மானத்தைக் காப்பாற்றப் பார்த்தான். “அந்த மூட்டு ஒண்ணுதான். மத்தபடி வண்டி கல்லு மாதிரி.”

நாத்தனார் காரின் முன்மூலையை இரண்டு கையாலும் அழுத்திவிட்டாள். ஒரே தடவை எழும்பி நின்றுவிட வேண்டிய வண்டி எழும்பியது, இறங்கியது, முக்கியது, மறுபடி எழும்பியது. கூடவே உள்ளே இவளும்.

“ஷாக் அப்சார்பரும் போச்சு. எல்லாம் மாத்துற வரைக்கும் யாரும் இத எடுக்கக் கூடாது. நீயுந்தான்” என்று கை நீட்டினாள். அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான்.

இவள் எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். களுக்கென்று சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். தங்கை கை கழுவ உள்ளே போகும்வரை காத்திருந்தான். பிறகு காரின் இன்னொரு மூலைக்குப் போய், ஒன்றும் தெரியாதவன்போல் பலமாக அழுத்திவிட்டான். கண்ணாடிக்குப் பின்னால் அவள், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தாள்.