எண்ணெய்த் துணி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

டீச்சரம்மா எங்கள் மரப் பட்டறைக்குக் கொண்டுவந்தது அவருடைய இறந்துபோன கணவரின் எழுதுமேசை. மூன்று தலைமுறை கண்ட தேக்கு. நானும் அண்ணனும் பழைய பாலிஷை மூன்று நாள் சுரண்டி எடுத்தோம். இனி என்ன பூசுவது என்பதில்தான் வினை வந்தது.

"வார்னிஷ்தான். மூணு கோட் அடிச்சா கண்ணாடி மாதிரி மின்னும்" என்றார் அண்ணன்.

"கண்ணாடி எனக்கெதுக்குப்பா? அவர் கை வச்ச மரம். என் கைக்கு மரம் தெரியணும்" என்றார் டீச்சரம்மா.

நான் அவர் பக்கம். ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் மரம் மரமாகவே இருக்கும். மேசையின் அடியில் ஓரமாகத் தேய்த்துக் காட்டினேன். விரல் வைத்துப் பார்த்தார், "இதேதான்" என்றார், போய்விட்டார்.

மறுநாள் காலை மேற்பலகை முழுக்கத் தேய்த்து முடித்தபோது அண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"ஆறே மாசம். டம்ளர் வளையம் விழுந்து திரும்ப வந்து நிப்பாங்க பாரு. யாராவது ரெண்டு வார்த்தை நல்லாப் பேசிட்டா போதுமே, உருகிடுவியே நீ!"

"பட்டறைக்குத்தான் நீங்க முதலாளி, என் கைக்குமா?" என்று கத்தினேன். கையிலிருந்த துணிகளைச் சுருட்டி மரத்தூள் மூட்டைமேல் வீசிவிட்டு வெளியே போனேன்.

அந்தத் துணியை விரித்துத்தான் காயப்போட வேண்டும். சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். இருபது வருடமாகத் தெரிந்த விஷயம். கோபத்தில் மறந்து தொலைத்தேன்.

மத்தியானம் சாப்பிட்டதும் அண்ணன் பட்டறையிலேயே சற்றுக் கண்ணயர்வார். நான் திரும்பி வந்தபோது தெருவெல்லாம் புகை. மேசையை வெளியே இழுத்துப் போட்டிருந்தார். அதற்கு ஒரு கால் மட்டும் கருகியிருந்தது. அவருக்கு இரண்டு கையும் வெந்துபோயிருந்தன.

ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் ஒன்றையே சொன்னார்: "வயரிங் பழசு. மாத்தணும் மாத்தணும்னு தள்ளிப் போட்டுட்டேன்."

"இனிமே விரல் மடங்காதாம் தம்பி" என்று அண்ணி என்னிடம் அழுதார். பாவி, நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தெரிந்தால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இரண்டு மாதம் கழித்து, புகை படிந்த மேசையை அண்ணன் வீட்டு வாசலில் போட்டு மறுபடி இழைத்தேன். கருகிய கால் அப்படியே இருக்கட்டும் என்று டீச்சரம்மா சொல்லிவிட்டார். அண்ணன் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். கைகள் மடியில் கிடந்தன.

"வார்னிஷே அடிச்சிடறேண்ணா." எண்ணெய் வாசனையே எனக்கு ஆகவில்லை.

"வேண்டாம். அந்தம்மா கேட்டது எண்ணெய். அதையே போடு."

தேய்த்து முடித்து எழுந்தேன். துணி கையில் இருந்தது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவையாவது விரிச்சுக் காயப்போடுடா" என்றார்.