சேனை வைத்த விரல்

பிள்ளை பெறாதவளைச் சேனை வைக்கக் கூப்பிடுகிற வழக்கம் மோகனூர்ப் பக்கம் கிடையாது. பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு முன்னால் நாக்கில் ஒரு சொட்டுத் தேன் தொட்டு வைப்பதுதான் சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் நாலு பெற்று நல்லபடி வளர்த்தவளாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் வசந்தாமணி ஒரே பிடியாக நின்றாள்.

"எங்கம்மா செத்தப்புறம் எனக்குச் சோறு ஊட்டுனது எங்க அத்தைதானுங்க. என்ற பிள்ளைக்கு அவங்கதான் சேனை வெக்கோணும்" என்று மாமியார் ராமாத்தாளிடமே சொல்லிவிட்டாள். ராமாத்தாள் முகத்தை ஒரு முழம் நீட்டிக்கொண்டாள். மாசமான மருமகளோடு மல்லுக்கட்ட வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

அத்தை மயிலம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பி சென்னிமலையின் மகள் வசந்தாமணியை எடுத்து வளர்த்தாளே ஒழிய, அதற்காக யாரும் அவளைத் தாய் என்று மதித்துச் சபையில் முன்னே நிறுத்தியதில்லை. நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக அந்த மரியாதை வந்தது. அந்த நேரம் பார்த்து வலக்கை ஆள்காட்டி விரல் கொப்புளித்துக்கொண்டது.

வருசா வருசம் வெயில் காலத்தில் வருகிற தொல்லைதான். நகத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பும். நகச்சுத்து என்று சொல்லி எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு திரிவாள், தானாக ஆறிவிடும். இந்த முறை அப்படி விட மனமில்லை. சேலத்தில் புதிதாக ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் வேலுசாமியிடம் போனாள்.

"இது நகச்சுத்து இல்லீங்கம்மா. அக்கி மாதிரி ஒரு வைரஸ் கிருமி" என்றார் அவர். கொப்புளங்களை ஊசியால் குத்திவிட்டுச் சிவப்பாக ஒரு சாயத்தைப் பூசினார். "சாயம் மட்டும் பூசுனா ஒண்ணும் ஆகாது. அது உள்ள எறங்குனப்புறம் வெளிச்சம் படோணும். பட்டாத்தான் மருந்து முழிச்சுக்கும், கிருமி சாகும். சீமையில இப்ப இதுதானுங்க வைத்தியம்."

எழுபத்து நாலாம் வருசம் அது. வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்ததை அந்த இளவயசு டாக்டர் நம்பாமல் இருந்தால்தான் அதிசயம். ஆஸ்பத்திரி டியூப்லைட்டுக்கு அடியில் மயிலம்மாள் விரலை நீட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். கையோடு கொஞ்சம் சாயமும் வாங்கி வந்தாள். ஊரில் கரண்ட் எப்போது இருந்தது? பூசிக்கொண்டு களத்து வெயிலில் விரலை நீட்டி நின்றாள்.

"ஏன் மயிலு, சூரியனுக்கே வழி காட்டுறயா?" என்று களை வெட்டப் போகிற பொம்பளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. மறுபடி போய்க் காட்டினாள். "பச்சக் கொழந்தயத் தொடலாமுங்களா?" என்று வாய்விட்டே கேட்டாள்.

"தாராளமாத் தொடுங்க" என்றார் வேலுசாமி.

பிரசவத்துக்கு வந்திருந்த சென்னிமலை வீட்டிலேயே வசந்தாமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மயிலம்மாள் தேனைத் தொட்டு நாக்கில் வைத்தாள். விரல் நுனி லேசாகச் சுருசுருவென்றது. கொப்புளம் கிளம்புமுன் எப்போதும் வருகிற சுருசுருப்புத்தான். ஆனால் டாக்டரே தொடலாம் என்ற பிறகு அவளுக்கென்ன சந்தேகம்? சந்தோசத்தில் கூசுகிறது என்று நினைத்தாள். குழந்தையோ விரலைக் கவ்விக்கொண்டு சப்பியது, விடவே இல்லை. "ஆயா கைய உடமாட்டீங்குதே!" என்று ராமாத்தாள்கூடச் சிரித்துவிட்டாள். மயிலம்மாளின் ஆயுசில் அதைவிட நல்ல நாள் ஒன்று கிடையாது.

ஒரு வாரம் போல ஆனதும் குழந்தைக்குச் சுரம் கண்டது. உதட்டிலும் நாக்கிலும் கொப்புளம் கிளம்பியது. பால் குடிக்க மறுத்தது, பிறகு இழுப்பு வந்தது. டாக்சி பிடித்துச் சேலத்துக்கு ஓடினார்கள். வேலுசாமி குழந்தையின் உதட்டைப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கி வந்த மயிலம்மாளின் கையைப் பார்த்தார். விரலில் புதுக் கொப்புளம் இருந்தது. குழந்தைக்கு முடியாத கலவரத்தில் அவள் அதைச் சட்டை பண்ணவே இல்லை.

பொழுது சாயுமுன் குழந்தை போய்விட்டது.

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. "மேல காஞ்சுதுங்கம்மா. நரம்புக்குள்ள ஒளிஞ்சிருந்த கிருமிக்கு வெளிச்சம் எட்டலீங்க. தேனோட போயிருக்குது. தொடலாமுன்னு சொன்னவன் நான்தான். யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க, சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல."

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை. ஆனால் துக்க வீட்டில் ராமாத்தாள் வாய் ஓயவில்லை. "இவ பாலே வெசம். அதக் குடிச்சுத்தான் செத்துது. இன்னொண்ணையும் பெத்துக் கொல்லட்டுமா? என்ற மகனுக்கு வேற எடம் பாக்கறேன்" என்றாள். வசந்தாமணி அதை நம்பிவிட்டாள், பாவி. நெஞ்சில் கட்டிய பாலைச் சுவரோரம் பீய்ச்சிவிட்டு மோந்து மோந்து பார்த்தாள். அதைப் பார்த்த பிறகு மயிலம்மாளால் மறைத்து வைக்க முடியவில்லை.

எல்லார் முன்னாலும் சொன்னாள். விரலை நீட்டிக் காட்டி, கொப்புளம், சாயம், வெளிச்சம், தேன் எல்லாவற்றையும் சொன்னாள். வசந்தாமணி தலை நிமிர்ந்தாள்.

"பாலுனால இல்லீங்களா, அத்தை?"

"இல்ல சாமி. உன்ற பாலு தங்கம். என்ற கைதான்."

குழந்தை செத்ததிலிருந்து கல்லாக இருந்த வசந்தாமணி அப்போதுதான் அழுதாள். மயிலம்மாள் பக்கத்தில் போய்த் தலையைத் தொடக் கையெடுத்தாள். வசந்தாமணி சட்டென்று விலகிக்கொண்டாள்.

"தெரியாமத்தான் செஞ்சீங்க. எனக்குத் தெரியுதுங்க அத்தை. ஆனா உங்களப் பாத்தா அவ அந்த விரலச் சப்புனதுதான் கண்ணுல நிக்குது. இங்க இருக்காதீங்க. போயிருங்க."

சென்னிமலை தடுத்தான். மயிலம்மாள் நிற்கவில்லை. பெற்றவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வாசல்படியில் மட்டும் அவளுக்குக் கால் எழவில்லை. வயலுக்குக் கிளம்பினால்கூட "போயிட்டு வாங்க அத்தை" என்று சொல்லி அனுப்புகிற பிள்ளை அது. 'வாங்க' என்று ஒரு வார்த்தை பின்னாலிருந்து வரும் என்று வெகுநேரம் நின்றாள். வரவில்லை.