நாற்பத்தொன்றாவது மரம்

என் புருஷனுக்கு உட்காருவதில் அசாத்தியத் திறமை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். வேலை என்று ஒன்று வந்தால் மனிதர் உட்கார்ந்துவிடுவார். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒருத்தன் வயிற்றில் அடிக்கலாம் என்பது இந்த வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

அடிபட்டவன் என் தம்பி. மரம் வெட்டுவது அவன் தொழில். எங்கள் தோட்டத்தில் நின்ற நாற்பத்தொரு தைலமரங்களையும் வெட்டித்தரச் சொல்லி இவர் ஒப்பந்தம் எழுதினார். 'மரம் அனைத்தும் வெட்டி முடிந்த பிறகே கூலி' என்று அதில் ஒரு வரி. சொந்த மாமாதானே என்று தம்பி படிக்காமலே கையெழுத்துப் போட்டான். என்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார். எதற்கென்று நான் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் அக்காவும் தம்பியும் ஒரே ரத்தம்.

நாற்பது மரம் சாய்ந்தது. கட்டைகள் மில்லுக்குப் போயின, பணமும் வந்தது. மிச்சமிருந்த ஒரே மரத்தடியில் இவர் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மாமா, கொஞ்சம் எழுந்திரிங்க. பத்து நிமிஷ வேலை."

"இரு மச்சான், பேப்பர் படிச்சிட்டு வர்றேன்."

அந்தப் பேப்பரை அவர் ஐந்து மாதம் படித்தார். தைலமரத்துக்கு நிழல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. இருக்கிற ஒரு கோட்டு நிழலைத் துரத்திக்கொண்டு, காலையில் மேற்கே, சாயங்காலம் கிழக்கே என்று நாற்காலியோடு மரத்தைச் சுற்றி வந்தார். செக்குமாடுகூட அத்தனை சுற்று சுற்றாது. மத்தியானச் சாப்பாட்டை நான்தான் தூக்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

தம்பியின் மெஷின் ரம்பம் தவணையில் வாங்கியது. மூன்று தவணை நின்றுபோயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அது போனால் அவனுக்குத் தொழிலே இல்லை. கூலி கேட்டு அவன் போட்டிருந்த வழக்கு அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, விசாரணைக்கு வந்தது.

நோட்டீஸை இவர்தான் வாங்கி வைத்திருந்தார். "நீயும் வா. சும்மா தலையாட்டினா போதும்" என்று என்னையும் கூட்டிப் போனார்.

நீதிபதியம்மாவுக்கு நல்ல ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "நீங்கதானே நிலத்துக்குச் சொந்தக்காரி?"

"நான் இல்லீங்கம்மா, அவருங்க."

"பத்திரம் உங்க பேர்ல. ஒப்பந்தத்துல கையெழுத்து உங்களுது. வழக்கே உங்க மேலதாம்மா."

திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால், கடன்காரர்களுக்குப் பயந்து எல்லாவற்றையும் என் பேரில் எழுதியிருக்கிறார். இன்சூரன்ஸ் என்று சொல்லி ஒரு ஆபீசுக்கு என்னைக் கூட்டிப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அப்ப இவரு யாருங்கம்மா?"

"இந்த வழக்குல யாருமில்ல."

இவர் துள்ளி எழுந்தார். "அம்மா, ஒப்பந்தப்படி கடைசி மரம் இன்னும் நிக்குது..."

"நீங்க உக்காருங்க" என்றார் நீதிபதியம்மா. அதை மட்டும் உடனே செய்தார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"அந்த ஒத்தை மரம் நிக்கட்டும்ங்க. நாப்பதோட வேலை முடிஞ்சுது. நாப்பதுக்கும் இப்பவே கூலி குடுத்துடறேன்."

மில் பணம் கிடந்த பேங்க் கணக்கும் என் பேரில்தான் என்று தம்பியின் வக்கீல் எடுத்துக்கொடுத்தார். நான் இவரிடம் கையை நீட்டினேன். "செக் புக்கைக் குடுங்க."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாமே" என்று இவர் முணுமுணுத்தார்.

"எந்த வீட்டுக்கு? அது யார் பேர்ல இருக்குன்னு முதல்ல பார்க்கணும்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியம்மா மட்டும் தும்மினார்.

வெளியே வராந்தாவில் தம்பி செக்கைக் கையில் வைத்துக்கொண்டு விசும்பினான். "வக்கீல் நீட்டுன இடத்துலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். உன் மேல போய் கேஸ் போட்டுட்டேனேக்கா!"

எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவன் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தேன்.

"நீ போட்டதாலதாண்டா, எனக்குன்னு ஒரு நிலம் இருக்கறதே தெரிஞ்சுது."