ஒன்றும் நடக்காத மூன்று நாட்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஒட்டுக் கேட்டது. போன ஆவணியில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஒரு மாமி பக்கத்திலிருந்தவளிடம், "மூணு நாளும் ஒண்ணுமே நடக்கலைன்னு சாதிச்சுட்டேன், கேட்டேளா," என்றாள். அதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது. மீதிப் பேச்சு தேங்காய் உடைகிற சத்தத்தில் போய்விட்டது.

எது மூன்று நாள்? நடக்கவில்லை என்று ஏன் சாதிக்க வேண்டும்? வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் கேட்டேன்.

"வைரமா இருக்கும்," என்றாள், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

வைரம் வாங்குமுன் கல்லை மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்களாம். ஒன்றும் நடக்காவிட்டால் வாங்கலாம். கெட்டது ஏதாவது நடந்தால் கல் கடைக்குத் திரும்பிவிடும். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்லை," என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்தக் குத்தலை நான் கதையில் சேர்ப்பதாக இல்லை. [சேர்த்துவிட்டேன் போலிருக்கிறது.]

2

தொடக்கம், முதல் முயற்சி:

கொல்லம் 1111ஆம் ஆண்டு சிங்க மாதத்திலே, சீரும் சிறப்பும் பொங்கும் அனந்தபுரி நகரத்திலே—

வேண்டாம். சர்க்கார் விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது முயற்சி:

சீதாலக்ஷ்மியின் கண்கள் வைரத்தைப் போல—

இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன். வைரக் கதையில் வைரம் மட்டும்தான் வைரம் போல இருக்கலாம்.

மூன்றாவது:

வலியசாலை அக்கிரகாரத்துச் சீதாலக்ஷ்மிக்கு முப்பத்தாறு வயது. தானே பார்த்து, இதுதான் வேண்டும் என்று எடுத்த நகை அவளிடம் ஒன்றுகூட இல்லை.

இது நிற்கட்டும். அவள் போட்டிருக்கும் தோடு அவள் அம்மாவுடையது, வளையல் மாமியாருடையது. அவற்றில் குறை ஒன்றுமில்லை, ஆனால் யாரும் அவளைக் கேட்டு வாங்கியவை அல்ல. தெருவில் ஆறு பெண்களுக்கு வீணை சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் ஒற்றைக்கல் மூக்குத்தி ஒன்று, அதுவும் தன் கண்ணுக்குப் பிடித்த கல்லில், வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ரொம்ப நாளாக ஆசைப்பட்டாள். இந்தக் கதையில் வேறு பெரிய விஷயம் ஒன்றும் கிடையாது. பெரிய விஷயம் தேடுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

3

வைரம் பார்க்கத் தெரியாமல் வைரக் கதை எழுதுவது எப்படி? சாலைக் கடைத்தெருவில் ஒரு கல் வியாபாரியிடம் போய், வாங்குகிற ஆள் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் என் வேஷம் கலைந்தது. ஆனாலும் நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கதையில் அவருக்குக் கோமதிநாயகம் என்று பெயர்.

இப்போது நான் எழுந்துகொள்கிறேன். என் இடத்தில் சீதாலக்ஷ்மியும் அவள் கணவன் வெங்கடேஸ்வரனும் உட்காருகிறார்கள். அவன் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா, கல்லிடைக்குறிச்சியிலிருந்து உத்தியோகத்துக்காக வந்தவன். பக்கத்தில் அவனுடைய அக்கா வாலாம்பாள். அவள் இன்னும் கல்லிடைக்குறிச்சியில்தான் இருக்கிறாள், இதற்கென்றே ரயிலேறி வந்திருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் ஒரு வைரம் உள்ளே வரவேண்டுமானால் அவள் தலையாட்ட வேண்டும்.

கோமதிநாயகம் வடக்கு ஜன்னலைத் திறந்துவிட்டு மூன்று பொட்டலங்களைப் பிரித்தார்.

"நிறம் பாக்கணும்னா கல்லைக் குப்புறப் போடணும்மா. நிமிந்து இருந்தா மினுக்கிக் காட்டி ஏமாத்திரும். இந்த வெள்ளைத் தாளை மடிச்சு, மடிப்புல கவுத்து வச்சுப் பாருங்க."

முதல் கல்லில் புள்ளி பூச்சி எதுவும் இல்லை, பட்டையும் நன்றாக இருந்தது. ஆனால் குப்புறக் கிடந்தபோது லேசாக நல்லெண்ணெய்ச் சாயல் தெரிந்தது. இரண்டாவது கல் நல்ல வெள்ளை, உள்ளே சுத்தம். ஆனால் பட்டை தீட்டியவன் அவசரக்காரன், வெளிச்சம் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. மூன்றாவது கல்லும் வெள்ளைதான். அதை நிமிர்த்தியதும் சீதாலக்ஷ்மி விரல்நுனியில் எடுத்துக்கொண்டாள். விரலை அசைத்தால் ஜன்னல் முழுவதும் அதற்குள் புரண்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் ஓரமாக ஒரு கறுப்புப் புள்ளி இருப்பது தெரிந்தது.

"நிறம், தெளிவு, பட்டை, மூணும் ஒரே கல்லுல வேணும்னா அது ராஜாக்கமாருக்குத்தாம்மா. நாம ஒண்ணை விட்டுக்குடுக்கணும். எதை விடுததுன்னு நீங்கதான் சொல்லணும்."

"புள்ளியை விட்டுடறேன்," என்றாள் சீதாலக்ஷ்மி. "மஞ்சளைத் தினம் நானே கண்ணாடியில பார்க்கணும். புள்ளியைப் பார்க்க, பூதக்கண்ணாடியும் கையுமா யாரு என் மூக்குகிட்ட வரப்போறா?"

வெங்கடேஸ்வரன் சிரித்துவிட்டான். வாலாம்பாள் சிரிக்கவில்லை.*

(* கதைக்கும் இந்த மூன்றுதான் என்று எனக்குப் படுகிறது. நான் நிறத்தை விட்டுக்கொடுத்திருக்கிறேன். தென்னந்தோப்பு, கடற்கரை, அஸ்தமன சூரியன் எதுவும் இதில் வராது.)

4

இனி ஒரே ஒரு சொல்லால் காரியம் கெடப்போகிறது.

கடையின் பின்கட்டில் கல் பதிக்கிற குட்டன் ஆசாரி இருந்தார். அவர் அபிப்பிராயத்தையும் கேட்டுவிடலாம் என்று வாலாம்பாள்தான் சொன்னாள். ஆசாரி கல்லை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திளக்கம் குறே உண்டு," என்றார் மனம் நிறைந்து.

மலையாளத்தில் 'குறே' என்றால் நிறைய. கல் நிறைய ஜொலிக்கிறது என்பது ஆசாரியின் தீர்ப்பு. வாலாம்பாளுக்கு மலையாளம் தெரியாது.

"கேட்டியாடா வெங்கிட்டு? கொறை உண்டுன்னு ஆசாரியே வாயால சொல்லிட்டார்."

"ஐயோ அக்கா, அது கொறை இல்லை, குறே. நெறைய இருக்குன்னு அர்த்தம்," என்றாள் சீதாலக்ஷ்மி.

"கொறைன்னா நெறையவா? நன்னா இருக்குடீ உங்க ஊர் பாஷை."

ஆசாரிக்கு இந்த வழக்கு புரியவில்லை. உதவி செய்கிற எண்ணத்தில், "அதே அம்மா, குறே, குறே," என்று இன்னும் அழுத்திச் சொன்னார்.

இதை எழுதும்போது நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு யோசித்தால், ஆசாரி மலையாளத்தில் சொன்னதும் நிஜம், அக்கா தமிழில் கேட்டதும் நிஜம். புள்ளி இருக்கத்தானே இருக்கிறது?

கடைசியில், மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக வாலாம்பாள் சொன்னாள். "தாராளமா வச்சுப் பாருங்க," என்றார் கோமதிநாயகம். "ஆனா நாலாம் நாள் கோட்டாத்துலேருந்து ஒருத்தர் இதே கல்லைக் கேட்டு வாராரு. அதுக்கப்புறம் என் கையில இல்லை."

5

முதல் நாள். கல் பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குள். காலையில் பால் திரிந்தது. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த அடுப்பில் பால் திரிந்ததில்லை. சீதாலக்ஷ்மி கூடத்துப் பக்கம் ஒரு தடவை எட்டிப்பார்த்தாள். பிறகு வெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஏலக்காய் பொடித்து, கைவலிக்கக் கிளறினாள்.

"இன்னிக்கு என்னடீ விசேஷம்?" என்றாள் வாலாம்பாள், இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டு.

"நீங்க வந்திருக்கேளோல்லியோ, அதான்."

சாயங்காலம் பாடத்தின் நடுவில் வீணைத் தந்தி ஒன்று படீரென்று அறுந்தது. கூடத்தில் இருந்த அக்கா காதில் விழாமல் இருக்க, சீதாலக்ஷ்மி இருமல் வந்தவள் போல் பலமாக இருமினாள். மீதித் தந்திகளிலேயே பாடம் நடந்தது.

இரண்டாம் நாள். பால், தந்தியோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் விளையாட்டு மட்டும் போதாது என்று தோன்றியது, ஆகவே இதை எழுதுகிறேன், சீதாலக்ஷ்மி என்னை மன்னிக்கவேண்டும். துவைக்கப் போடும்முன் கணவனின் கோட்டுப் பையைத் துழாவியபோது ஒரு காகிதம் கிடைத்தது. தேவிகுளத்துக்கு மாற்றல் உத்தரவு. தேதி முந்தாநாளுடையது. கல் வீட்டுக்கு வந்த அன்றே அவன் கையில் கிடைத்திருக்கிறது. அவன் வாயே திறக்கவில்லை.

தேவிகுளம் என்றால் மலை, குளிர், அட்டை. வீணை கற்கும் ஆறு பெண்களும் இங்கேயே இருப்பார்கள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அழுது முடிக்கும்போதுதான் அவன் ஏன் சொல்லவில்லை என்பது உறைத்தது. அவன் சொல்லியிருந்தால் கல் அன்றைக்கே திரும்பிப் போயிருக்கும். இந்த மனுஷனோடு இமயமலைக்கே போகலாம் என்று அவளுக்கு இருந்தது. காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தாள்.

சாப்பிடும்போது, "ஒரு கம்பளி வாங்கணும்," என்றாள்.

"கம்பளியா? எதுக்கு?"

"சும்மாதான். ரெண்டாவே வாங்கிடலாம்."

வெங்கடேஸ்வரன் பிசைந்த சாதத்தை அப்படியே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். அவள் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். "சரி, வாங்கிடலாம்," என்றான். அவன் காது சிவந்துபோயிற்று.

6

இந்த இடத்தில் ஒரு வாரம் நின்றுவிட்டேன். காரணம் வாலாம்பாள். அவளை முறைப்பாகவே வைத்திருக்கிறேன், கதைக்குச் சௌகரியம் என்பதால். ஆனால் இருநூறு— [எத்தனை மைல் என்று தெரியவில்லை, அடித்துவிடுகிறேன்] அத்தனை தூரம் ரயிலேறி வந்தவள் தம்பி பெண்டாட்டியின் ஆசையைக் கெடுக்கவா வந்திருப்பாள்? ஆகாத கல் உள்ளே வந்து தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம்தான். அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

ஆகவே மூன்றாம் நாள் காலை அவளைப் பின்தொடர்ந்து கோயில் குளத்துக்குப் போனேன். படியில் குனிந்து முகம் கழுவினாள். நிமிரும்போது அவளுடைய இடது தோட்டின் திருகு கழன்று தண்ணீருக்குள் விழுந்தது. தோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் துழாவினாள். கிடைக்கவில்லை. வைரம் வைத்துப் பார்க்கிற நாளில் பொன் தொலைந்தால், அதற்குமேல் வேறு சகுனம் வேண்டாம்.

வீட்டுக்கு வந்தாள், சொல்லிவிடத்தான் வந்தாள். பூஜை அலமாரி முன்னால் சீதாலக்ஷ்மி நின்றுகொண்டிருந்தாள். சிமிழைத் திறந்து, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், கல்லை மூக்கின்மேல் வைத்துக்கொண்டு, கையளவு கண்ணாடியில் பார்த்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாலாம்பாள் சத்தமில்லாமல் பின்வாங்கினாள். தோட்டை முந்தானையில் முடிந்தாள். தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

7

முடிவுகள் மூன்று என்னிடம் இருக்கின்றன.

(அ) மாற்றல் ரத்தாகிவிடுகிறது. இது நாடகக் கொட்டகைக்குச் சரி.

(ஆ) யாரோ ஒருவர் மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொல்கிறார். கல் கோட்டாறு போகிறது. எல்லாரும் யோக்கியர்கள், யாருக்கும் சந்தோஷமில்லை.

(இ) தேவிகுளத்தில் பனி. இரண்டு கம்பளிகள். அடுப்பு வெளிச்சத்தில் அவள் திரும்பும்போது—

இதை முடிக்க எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் முடிக்க எனக்கு உரிமை இல்லை. மூன்றாம் நாள் விளக்கேற்றும் வேளையில் மூத்தவள் வாயால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அதைக் கேட்காமல் கல் யாருடையதும் ஆகாது.

கூடத்தில் எல்லாரும் நிற்கிறார்கள். வாலாம்பாள் தலைப்பை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மூணு நாளும் ஆச்சு. இந்த ஆத்துல ஏதாவது நடந்ததா?"

"ஒண்ணும் நடக்கலை அக்கா," என்றாள் சீதாலக்ஷ்மி.

"என்ன நடக்கப்போறது," என்றான் வெங்கடேஸ்வரன்.

"எனக்கும் ஒண்ணும் தெரியலை," என்றாள் வாலாம்பாள், சுவரைப் பார்த்து.

பேனாவை மூடிவிட்டேன், என்னைக் கேட்டுப் பயனில்லை. ஆனால் திரிந்த பாலையும், அறுந்த தந்தியையும், பையிலுள்ள காகிதத்தையும், குளத்தில் விழுந்த திருகையும் சேர்த்துப் பார்த்தவர் இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறார். சீதாலக்ஷ்மி சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தையே பார்க்கிறாள். வாலாம்பாளும் மெல்ல உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"நீங்க சொல்லுங்கோ. ஏதாவது நடந்ததா?"