கட்டிங் மாஸ்டரின் சிக்கனம்

சென்னைப் பட்டணத்தில் துணியை வீணாக்காமல் வெட்டத் தெரிந்தவன் யார் என்று ஹபீபுர் ரஹ்மானைக் கேட்டால், ஒரே ஒருத்தன்தான், அவன் பாண்டி பஜாரில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறான், பெயர் ஹபீபுர் ரஹ்மான் என்று கூச்சமில்லாமல் சொல்லுவான். மற்றவர்கள் மூன்று கெஜம் கேட்கும் சட்டையை இரண்டே முக்கால் கெஜத்தில் முடித்து, மிச்சத்தில் வாடிக்கைக்காரர் பிள்ளைக்கு ஒரு குல்லாயும் அடித்துக் கொடுத்துவிடுவான். உலக யுத்தச் சண்டைக் காலம், துணிக்குக் கன்ட்ரோல் வந்திருந்த நேரம். கடை முதலாளி அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். இப்பேர்ப்பட்ட கைக்காரனுக்குக் குடும்பச் செலவை வெட்டுவதா பெரிய காரியம் என்று அவன் நினைத்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஹபீபும் மனைவி அஸ்மத்துன்னிசாவும் திருவல்லிக்கேணியில் அண்ணன் பீர் முஹம்மதின் வீட்டில்தான் இருந்தார்கள். குழந்தை சகினா பிறந்த பிறகு, மயிலாப்பூர் கச்சேரி ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓர் அறையும் சமைக்க ஒரு தாழ்வாரமுமாக இடம் பிடித்துத் தனியாக வந்தார்கள். அண்ணனுக்கு இதில் சம்மதமில்லை.

"அரிசிக்கு க்யூ, கிருஷ்ணாயிலுக்கு க்யூ. இந்தக் காலத்துல கைக்கொயந்தைய வெச்சுக்கினு தனிக்குடித்தனமா? சரி, போ. நோன்புப் பெருநாளுக்கு மொத நாள் வந்து பாப்பேன். குடும்பம் நடக்கலேன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே சட்டி பானையெல்லாம் வண்டில ஏத்திடுவேன்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். தகப்பன் இல்லாத ஹபீபை வளர்த்துத் தொழிலுக்கு விட்டவர் அவர்.

திரும்பிப் போவதில் அஸ்மத்துன்னிசாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. "உங்க அண்ணி நல்லவங்கதான், நான் இல்லேங்கல. ஆனா ரெண்டு வருசத்துல ஒரு தபா நானா உப்பு ஜாடிய எடுத்து ஒரு கொழம்புல போட்டதில்ல. இங்க நான் போடறதுதான் உப்பு. இத்த உட்டுட்டு நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஹபீபுக்கும் அதே ஆசைதான். மனைவி வாய்விட்டுச் சிரித்து அவன் கேட்டதே இந்தச் சந்துக்கு வந்த பிறகுதான்.

"சம்பளத்த என் கையில குடுங்க. நான் பாத்துக்கறேன்" என்று அவள் கேட்டாள்.

"வெட்டறது என் தொழில் புள்ள. நீ சும்மா பாரு" என்றான் அவன்.

முதலில் பஸ்ஸை வெட்டினான். மயிலாப்பூரிலிருந்து ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை வழியாகப் பாண்டி பஜாருக்கு நடை. நடந்தால் செருப்பு தேயும் என்ற உண்மை சீக்கிரமே தெரிந்தது. அதனால் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தான். கடை வாசலுக்கு வந்ததும் மாட்டிக்கொள்வான். அடுத்து டீ போயிற்று. பிறகு விளக்குக்குத் திரி சின்னதாயிற்று. தாளிக்கிற எண்ணெயைக் கரண்டியில் எடுக்கக் கூடாது, துணி சுற்றிய குச்சியால் சட்டியில் தடவினால் போதும் என்று ஒரு சட்டம் வந்தது. அந்தக் குச்சிக்குத் துணியை அளவாக வெட்டிச் சுற்றிக் கொடுத்தவனும் அவனே.

"நல்லா வெட்டறீங்க. எப்ப தெக்கப் போறீங்க?" என்றாள் அஸ்மத்துன்னிசா.

அவள் குத்தலாகக் கேட்டாள். அவன் உற்சாகமாகத் தைக்கவே உட்கார்ந்துவிட்டான். கடையில் குப்பைக்குப் போகிற வெட்டுத் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து சகினாவுக்கு ஒரு கவுன் தைத்தான். பச்சை, சிவப்பு, கோடு போட்டது, கட்டம் போட்டது, நடுவில் ஏதோ ஒரு துரையின் சூட்டுத் துணி. ஒவ்வொரு துண்டும் உள்ளங்கை அகலம். தையல் கண்ணுக்குத் தெரியாது. தன் கையிலிருந்து வந்த வேலையிலேயே உசத்தி அதுதான் என்று அவன் பூரித்துப்போனான். தர்கா வாசலில் பக்கீர்கள் இந்த மாதிரி ஒட்டுப் போட்ட ஜிப்பாதான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். தொழில் தெரியாதவர்கள் பேச்சு என்று அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நோன்பு மாதம் வந்தது. முதலாளி நல்ல மனுஷர். நோன்பாளி என்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சாயங்காலம் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். அதில் ஏழை பணக்காரன் என்றில்லை, யாரும் வாங்கிப் போகலாம். மற்றவர்கள் ஒரு செம்பு கொண்டுபோனார்கள். ராத்திரிச் சாப்பாட்டையும் கஞ்சியிலேயே முடித்துவிடும் திட்டம் ஹபீபுக்கு இருந்ததால், அவன் வீட்டிலேயே பெரிய தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனான். ஒரு கையில் பாத்திரம், இடுப்பில் ஒட்டுக் கவுனோடு சகினா, கக்கத்தில் செருப்பு. தினமும் இதே ஊர்வலம்தான்.

அந்த மாதத்தில் அவனுக்கு ஒரு புதிய திறமையும் வந்து சேர்ந்தது. நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கூடை சுமந்து வரும் தேசம்மா, விலையைக் குறைத்துக் கேட்டால் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசுகிறவள். அவள் அவனைப் பார்த்ததும் பாதி விலைக்குக் கொடுத்து, மேலே ஒரு கை நெத்திலியும் அள்ளிப் போட்டாள். முடி வெட்டுகிறவர், "இருக்கட்டும் பாய், அப்பறம் பாத்துக்கலாம்" என்று காசு வாங்க மறுத்தார். மளிகைக் கடையில் பருப்பு நிறுத்தால் தட்டு கீழே இடித்தது.

"பேரம் பேசத் தெரியணும் புள்ள" என்று வீட்டுக்கு வந்து மார்தட்டினான்.

"தேசம்மாவா? பாதி வெலைக்கா? இன்னா பேசினீங்க?"

"பேசவே இல்ல. மூஞ்சிய இப்பிடி வெச்சுக்கினு சும்மா நின்னேன். அதான் சூட்சுமம்."

அஸ்மத்துன்னிசா அந்த மூஞ்சியைக் கொஞ்ச நேரம் சந்தேகத்தோடு பார்த்தாள். மிச்சமான காசு பிஸ்கட் டப்பாவில் சேர்ந்துகொண்டு வந்தது. ஹபீப் அதை எடுத்து எடுத்துக் குலுக்கிப் பார்த்தான்.

கடைசி நோன்பன்று சாயங்காலம், சொன்னபடி பீர் முஹம்மது பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு வந்தார். அஸ்மத்துன்னிசா அன்றைக்கு எண்ணெய்க் குச்சியை அடுப்பில் போட்டு எரித்துவிட்டு மனசாரச் சமைத்திருந்தாள். மூன்று பேரும் நோன்பு திறந்தார்கள். அண்ணன் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார். டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தார். "பரவால்லியேடா" என்று ஆரம்பித்தவர், தொழுதுவிட்டு வந்து பேசலாமென்று உள்ளே போய்ப் பாயை விரித்தார். வெளியே பிறை தெரிந்துவிட்டதென்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஹபீபுக்கு ஜெயித்தாகிவிட்டது என்ற நினைப்பு.

அப்போது வாசலில் பள்ளிவாசல் மோதினார் வலியுல்லா பாய் வந்து நின்றார். பாங்கு சொல்கிறவர், தெரு முழுக்க அவர் சொல்லுக்கு மதிப்பு. கையில் ஒரு பை அரிசி இருந்தது. பெருநாள் தொழுகைக்கு முன்னால், வசதியுள்ள வீடுகளில் தலைக்கு இவ்வளவு என்று அரிசி எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். ஃபித்ரா என்று பெயர். தன் வீட்டு ஃபித்ராவை வாங்கிப்போக வந்திருக்கிறார் என்றுதான் ஹபீப் நினைத்தான்.

"தம்பி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "வேலை போறதும் வர்றதும் அல்லா கையில கீது. இது தெருவுல ஆளாளுக்கு அவங்க ரேஷன்ல எடுத்துக் குடுத்தது. கொயந்தைக்குப் பொங்கிப் போடு."

ஹபீபுக்கு விஷயம் விளங்குவதற்குள் கை நீண்டு பையை வாங்கிவிட்டது. வாங்கியதோடு நிற்கவில்லை; கை எடை பார்த்தது. ஒரு வாரம் தாராளமாக வரும் என்று மனசு கணக்கும் போட்டது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசும்.

"வாங்காதீங்க" என்று தாழ்வாரத்துத் திரைக்குப் பின்னாலிருந்து அஸ்மத்துன்னிசாவின் குரல் வந்தது.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. தேசம்மாவின் நெத்திலி, முடி வெட்டினவரின் தாராளம், பருப்புத் தராசு. இத்தனை நாள் அவன் பேரம் பேசியிருக்கவில்லை. ஊர் அவனுக்குப் பிச்சை போட்டிருக்கிறது. அதை டப்பாவில் போட்டுக் குலுக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறான். திரும்பினால், பின்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"வேலை போச்சாடா?" அவர் குரல் உடைந்திருந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் ஹபீப் தாங்கியிருப்பான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வண்டி புடிச்சுக்கினு வரேன், கெளம்புங்க."

"வேலை போகலண்ணே."

"போகலியா?" என்று வலியுல்லா பாய் திகைத்தார். "காலுல செருப்பில்லாம நடந்துக்கினு கீறே. மத்தியானமே ஊட்டுக்கு வந்துடறே. அவ்ளோ பெரிய பாத்திரத்துல கஞ்சி வாங்கறே. கொயந்தைக்கு பக்கீர் சொக்கா மாட்டியிருக்கே. இதெல்லாம் பின்ன இன்னா?"

"சிக்கனம்" என்றான் ஹபீப். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோது அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

அண்ணனுக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்தது. "காசு இருந்துமா கொயந்தைய இப்பிடி வெச்சிருக்கே? இதுக்குப் பேரு குடும்பமா? நான் சொன்னது சொன்னதுதான். சாமானைக் கட்டு!"

அஸ்மத்துன்னிசா மூத்தாரோடு நேரே பேசுகிற வழக்கமில்லை. குழந்தையைச் சாக்கு வைத்துத்தான் பேசுவாள். திரைக்குப் பின்னாலிருந்து இப்போது சொன்னாள்: "சகினா, உங்க பெரியத்தாகிட்ட சொல்லு. குடும்பம் நடக்குது. நடத்தறவருக்குத்தான் தெரியல. கொயந்தை நோன்பு வெக்கல, அதுக்கு எதுக்கு ஃபித்ரா, ரெண்டு பேருக்கு எடுத்து வெச்சா போதும்னாரு. நான் மூணு பேருக்கும் எடுத்து வெச்சிருக்கேன். இந்த ஊட்லேர்ந்து குடுக்கத்தான் போறோம், வாங்கப் போறதில்ல. நாங்க வரல."

திரைக்கு அடியில் ஒரு சின்னப் பை வெளியே வந்தது. இரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், பீர் முஹம்மது அவள் குரலைச் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை கேட்டதில்லை. அவர் பையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"ரெண்டையும் தூக்குடா" என்றார். "யாருக்குப் போகணுமோ அவங்க ஊட்ல நீயே கொண்டு போய்க் குடு. நானும் வரேன்."

சந்தின் கோடியில் அன்வரி பேகம் என்ற விதவையின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வலியுல்லா பாய் வழிகாட்டினார். ஹபீப் டப்பாக் காசைச் சட்டைப் பையில் கொட்டிக்கொண்டு, இரண்டு தோளிலும் அரிசியோடு கிளம்பினான். பெருநாள் பிறை பார்க்கத் தெருவே வெளியே நின்றிருந்தது. "கெடச்சுதா பாய்? நல்லது, நல்லது" என்றார் மளிகைக்காரர். முடி வெட்டுகிறவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு போகவில்லை, கொடுக்கப் போகிறேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது ஹபீபுக்கு. கத்த முடியவில்லை; அவன் அப்போதும் வைத்திருந்தது அதே பேரம் பேசுகிற மூஞ்சிதான்.

அன்வரி பேகம் வீட்டில் அரிசியை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது முனையில் தேசம்மா காலிக் கூடையோடு நின்றிருந்தாள். "அரிசி வந்துச்சா நைனா? நான்தான் மோதினார்கிட்ட சொன்னேன், கொயந்தை பாவம், பாத்துக்கோங்கன்னு."

ஹபீப் பையிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்து நீட்டினான்.

"அட, வேலை கெடச்சப்பறம் குடு."

"வேலை போகவே இல்ல தேசம்மா."

அவள் ஒரு கணம் விழித்தாள். "ஐயே! அப்ப என் மீனு?" என்று காசைப் பிடுங்கிக்கொண்டாள். இன்னும் எட்டணா வேண்டுமென்று கேட்டு அதையும் வாங்கிக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

பீர் முஹம்மது பஸ் நிற்கிற இடம்வரை நடந்தார். பிறகு சொன்னார்: "தனியா வந்து நீ கஷ்டப்பட்டா, உன்னப் பாக்க என்ன உட்டா ஆளில்லன்னு நெனச்சுக்கினு ராத்திரியில தூக்கம் வராதுடா எனக்கு. இந்தத் தெரு பாத்துக்கும்போல கீது. இருந்துக்கோ." பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

ஹபீப் அங்கேயே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டான். வீட்டை விட்டுப் போக வேண்டாம் என்ற சந்தோஷமா, அத்தனை பேர் சோற்றில் கை வைத்தோமே என்ற வெட்கமா, எது அதிகம் என்று அவனுக்கே தெரியவில்லை. வீட்டு வாசலில் அஸ்மத்துன்னிசா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"இருக்கச் சொன்னாரு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். ஹபீப் செருமிக்கொண்டான். "அப்பறம், இனிமே சம்பளத்த உன் கையில குடுக்கச் சொன்னாரு."

அண்ணன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. தானாகச் சொல்ல வாய் வராமல் ஹபீப் அதை அவர் தலையில் கட்டிவிட்டான்.

"அவர் சொன்னாரா?"

"ஆமா."

"பெரியவரு சொன்னா தட்ட முடியுமா?" என்று அவள் கையை நீட்டினாள். அவன் சட்டைப் பையைத் துழாவி, தேசம்மா விட்டுவைத்த சில்லறையை எடுத்து அந்தக் கையில் வைத்தான்.